பெட்டி திறக்கும் வரை

உக்காருங்க தம்பி. அந்தப் பசை வாளியை அப்படி ஓரமா வச்சிருங்க. வாழைமரம் கட்டுற ஆளுங்க பின்னாடி பாக்காம நடப்பாங்க, தட்டி விட்டுருவாங்க. நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிட்டு உக்காருங்க, சுண்ணாம்புத் தூளா இருக்கும்.

கூட வந்தவனைத் தேடாதீங்க. மாடசாமிதானே? ஆபீஸ்ல பியூனா சேந்த நாள்ல இருந்து அவனை எனக்குத் தெரியும். என் முகத்தைப் பாத்ததும் டீ குடிச்சிட்டு வாறேன்னு போனான். அந்த டீயை அவன் திங்கக்கிழமை வரைக்கும் குடிப்பான். கேட்டை நான்தான் சாத்தச் சொன்னேன். சமையல்காரங்க பூசணி நறுக்கிப் போட்டிருக்காங்க, மாடு உள்ள வந்துரும். வேற ஒண்ணும் இல்ல.

வாசல்ல பேர் பாத்திருப்பீங்களே, பூவால எழுதியிருக்கு. செவ்வந்தி. என் அக்கா மக. நாளைக்குக் காலையில ஏழரையில இருந்து ஒன்பதுக்குள்ள முகூர்த்தம். தாய்மாமன் நான். தகப்பன் சின்ன வயசுலயே போயிட்டார், தாயும் இல்ல. எல்லாம் நான்தான். ஐந்நூறு பத்திரிகை வச்சிருக்கேன் தம்பி. மாப்பிள்ளை வீடு ராதாபுரம் பக்கம், ரெண்டு பஸ்ல வாறாங்க.

நீங்க புதுசு. வேலைக்கு வந்து எத்தனை மாசம் இருக்கும், மூணா? மூணு மாசத்துல நகராட்சி கட்டடத்தைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சைக்கிள் ஸ்டாண்டு, ஆட்டுத் தொட்டி, இந்தக் கல்யாண மண்டபம், இது எல்லாத்தையும் என்னைவிட அறிஞ்சவன் இந்த ஊர்ல கிடையாது. உள்ள போய் அறிஞ்சதில்ல. படிக்கட்டுல நின்னு அறிஞ்சது.

உங்க மடியில இருக்கிற கவரைப் பாத்ததும் பழைய ஞாபகம் வந்துட்டு. காக்கிக் கவர். நான் பிடுங்க மாட்டேன், பயப்படாதீங்க. மடியிலேயே வச்சுக்குங்க. கலர் குடிப்பீங்களா? ஏல, சாருக்கு ஒரு கலர் உடைச்சுக் கொண்டா.

சொல்றேன். நகராட்சிக் கடைகளை மூணு வருஷத்துக்கு ஒருக்க ஏலம் விடுவாங்க. பேப்பர்ல விளம்பரம் வரும், கவர்ல தொகை எழுதி மூடி, கமிஷனர் ரூம்ல இருக்கிற பெட்டியில போடணும். மூணு மணிக்குப் பெட்டியைத் திறப்பாங்க. இது உங்க சட்டம். எங்க ஊர் வழக்கம் வேற. முந்தின நாளே செல்லப்பாண்டி அண்ணாச்சி லாட்ஜ் மாடியில எல்லாரும் உக்காந்துருவாங்க. அண்ணாச்சி முன்னாடி துணைத் தலைவரா இருந்தவர். யாருக்கு எந்தக் கடை, யாருக்கு மண்டபம், யாருக்கு கக்கூஸ், எல்லாம் அங்கேயே பேசி முடிஞ்சிரும். பிரியாணி போடுவாங்க. மறுநாள் பெட்டியில எத்தனை கவர் விழணும், எந்தக் கவர்ல என்ன எழுதணும், எல்லாம் முன்னாடியே முடிவு. வெளிய இருந்து ஒரு கவர் வந்து விழுந்தா அத்தனையும் நாசம்.

அது விழாம பாத்துக்கிறதுதான் என் வேலை. கேட்டுல ஒருத்தன், வராந்தாவுல ஒருத்தன், படிக்கட்டுல நான். காக்கிக் கவரோட யார் வந்தாலும் நிறுத்தணும். கவரை வாங்கி இடுப்புல சொருகணும். மூணு மணிக்குப் பெட்டி திறந்ததும் அவங்கவங்க கவரை அவங்கவங்க கையில திருப்பிக் கொடுத்துருவேன். பதினாறு வருஷத்துல ஒருத்தர் கவர் தொலைஞ்சதுன்னு சொல்லச் சொல்லுங்க. முன்பணத்துக்கு எடுத்த பேங்க் டிடி உள்ள இருக்கும், தொட மாட்டேன். யார் பொருளும் நமக்கு வேண்டாம்.

நான் சண்டைக்குப் போற ஆள் இல்ல தம்பி. முதல்ல வாயால சொல்லுவேன். பெரும்பாலும் ஜனங்க கேட்டுக்குவாங்க. கேக்காதவங்கதான் கஷ்டம். அதுக்கும் எனக்கு ஒரு முறை உண்டு. தொடுறதுக்கு முன்னாடி கேப்பேன், அண்ணே, நீங்க எந்தக் கையால எழுதுவீங்கன்னு. சொன்னாங்கன்னா அந்தக் கையை விட்டுருவேன். மத்தக் கைதான். மனுசன் பொழைக்கணும்லா? ஒரு ஜவுளிக்கடைக்காரர் பயத்துல, ரெண்டு கையாலயும் எழுதுவேன் தங்கையான்னார். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சரி போங்கன்னு ரெண்டு கையையும் விட்டுட்டேன். கால்லதான் போட்டேன். இப்பவும் தெருவுல பாத்தா நின்னு பேசுவார். நொண்டிக்கிட்டுதான் வருவார், ஆனா பேசுவார்.

ஆயுதம்னு ஒண்ணும் கிடையாது. கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி இருக்கும்லா, அதுதான். கையில வச்சிருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கடைக்காரன்னு நினைச்சுக்குவாங்க.

பழைய ஞாபகம்னு சொன்னேன்லா, அது நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. ஆனி மாசம், டெய்லி மார்க்கெட் கடைகளுக்கு ஏலம். எனக்கும் அந்தத் தடவை அதுல ஒரு காரியம் இருந்துச்சு. என் அக்கா பூமயில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய சாக்கு விரிச்சுக் கருவாடு விக்கிறவ. வெயில்லயும் மழையிலயும் கிடப்பா. நகராட்சி லாரி வந்தா கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுவா. அண்ணாச்சிகிட்ட ஒரு கடை கேட்டேன். வாழ்க்கையில அவர்கிட்ட நான் கேட்டது அது ஒண்ணுதான். மேல்கூரை உள்ள கடையா இருக்கணும் அண்ணாச்சின்னேன். சிரிச்சார். பதினாலாம் நம்பரை உன் அக்கா பேருக்கே எழுதியாச்சு, நாளைக்கு ஒரு கவர் உள்ள போகாம பாத்துக்கோன்னார்.

அன்னிக்கு ரெண்டரை மணி வரைக்கும் நாலு பேர் வந்தாங்க. மூணு பேர் வாயால சொன்னதுலேயே திரும்பிட்டாங்க. நாலாவது ஆள் பெரிய மனுசன், வேட்டி கட்டி, நெத்தியில திருநீறு. மாமியார் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தேன் தம்பின்னு கண்ணுல தண்ணி விட்டார். எனக்கே பாவமா போச்சு. சரி, கவரைக் காட்டுங்கன்னு பிரிச்சுப் பாத்தா, உள்ள டெண்டர். மாமியார் மேல சத்தியம் பண்ணின ஆள் தம்பி! வராந்தாவுல கிடந்த பெஞ்சோட சேத்து அமுக்கினேன். ரெண்டு விரல்தான். இடது கை.

அதனால ரெண்டு ஐம்பதுக்கு வந்த ஆள் பேச்சை நான் நம்பல. இதை நீங்க யோசிச்சுப் பாக்கணும். கோர்ட்டுல ஒருத்தரும் யோசிக்கல.

அவர் ஸ்கூட்டர்ல வந்தார். தலையில இருந்த ஹெல்மெட்டைக் கூடக் கழத்தல. கையில பெரிய காக்கிக் கவர், அரக்கு வச்சு ஒட்டினது. படி ஏறப் போனார். எங்க சார்னு கேட்டேன். கமிஷனரைப் பாக்கணும்னார். கவரைக் கொடுங்க, மூணு மணிக்கு வாங்கிக்கலாம்னேன். இது டெண்டர் இல்லப்பா, மார்க்கெட் கட்டட அறிக்கை, ஏலத்துக்கு முன்னாடி நேர்ல கொடுக்கச் சொல்லியிருக்காங்க, வழியை விடுன்னார். பாலிடெக்னிக்ல வாத்தியார், பேரு தேவசகாயம். இதெல்லாம் பிறகு தெரிஞ்சது. அப்ப எனக்கு அவர் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள், அவ்வளவுதான்.

மாமியார் செத்தவர் இப்பதான் போறாரு, நீங்க கட்டடமான்னு கேட்டேன். அவருக்குப் புரியல. கவரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு படி ஏறிட்டார். கடிகாரத்தைப் பாத்தேன், ரெண்டு ஐம்பத்திரண்டு. மேல பெட்டியில இன்னும் கவர் போடலாம். எட்டு நிமிஷம். அந்த அவசரத்துல கேக்க விட்டுப்போச்சு தம்பி. எந்தக் கைன்னு கேக்கல.

முதல் அடி மணிக்கட்டுல. கவர் விழல. ரெண்டாவது அடியும் அதே இடத்துல. அப்பவும் விடல. வாத்தியார் கை, இவ்வளவு பிடி இருக்கும்னு நான் நினைக்கல. முழங்கைக்குக் கீழ மூணாவது அடி போட்டேன், வேலிக் குச்சி ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு, கவர் விழுந்துச்சு. அவரும் விழுந்தார். ஒன்பது படி. ஹெல்மெட் இருந்ததால தலை தப்பிச்சுது, அதுக்கு அவர்தான் கடவுளுக்கு நன்றி சொல்லணும். கை மட்டும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்துச்சு. எலும்பு சட்டையைக் கிழிச்சு வெளிய வந்திருந்தது. கீழ பிறப்பு இறப்பு செக்‌ஷன்ல ஏழெட்டுப் பேர் வேலை பாப்பாங்க. ஜன்னலைச் சாத்திட்டாங்க. வரி கட்ட வந்து வரிசையில நின்னவங்க வரிசையை விட்டு நகரல, இடம் போயிரும்லா. துடைப்பத்தோட நின்ன அம்மா மட்டும், அய்யோ சார் சார்னு ஓடிவந்து ரத்தத்துல வழுக்கி விழுந்தா.

மூணு மணிக்குப் பெட்டி திறந்தாங்க. எல்லாம் பேசினபடி. பதினாலாம் நம்பர் கடை பூமயில் பேருக்கு வந்துட்டு. கவரைத் திருப்பிக் கொடுக்கலாம்னு கீழ வந்தேன். வாத்தியாரை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிருந்தாங்க. பதினாறு வருஷத்துல அந்த ஒரு கவர்தான் என் கையில தங்குச்சு. எனக்கே வருத்தம்தான்.

பெரியாஸ்பத்திரிக்கு அண்ணாச்சி ஆப்பிள் கொடுத்து விட்டார். படியில வழுக்கி விழுந்ததா எழுதிட்டாங்க. கையில மூணு இடத்துல முறிவு, பிளேட் வச்சாங்களாம். ஆபீஸ்ல என்ன எழுதினாங்க தெரியுமா? பிறகு கோர்ட்டுல வாசிச்சாங்க. “அறிக்கை வரப்பெறவில்லை. எனவே ஏலம் உறுதி செய்யப்படலாம்.” உங்க ஆபீஸ்தான் தம்பி. கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் புரமோஷன்ல இருக்காங்க.

அந்தக் கவரை நான் வீட்டுல போட்டிருந்தேன். அக்கா ஒருநாள் கருவாடு மடிக்கக் காகிதம் தேடினப்போ எடுத்துட்டா. அவளும் படிக்கல, நானும் படிக்கல. எல்லாம் இங்கிலீஷ். ஆனா உள்ள ஒரு பக்கத்துல பெரிய கலர் போட்டோ. மார்க்கெட்ட உள்ளயிருந்து எடுத்தது. அக்கா அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா.

“ஏலே தங்கையா, இது என் கடைல்லா?”

“எல்லாக் கடையும் அப்படித்தான் இருக்கும்.”

“இல்லடா, பாரு, பதினாலுன்னு பெயின்ட் அடிச்சிருக்கு. என் கடைக்கு மேல சிவப்பு மையில வட்டம் போட்டிருக்காங்க பாரு. மத்த கடைக்கு ஒண்ணுக்கும் இல்ல.”

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆபீஸ்காரன் எடுத்த போட்டோவுல தன் கடைக்கு மட்டும் வட்டம். மத்த தாள்ல எல்லாம் நெத்திலியும் வாளைக் கருவாடும் மடிச்சுக் கொடுத்துட்டா. அந்தப் பக்கத்தை மட்டும் பசை தடவிக் கடைச் சுவத்துல, காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டி வச்சா. வர்றவங்களுக்கு எல்லாம் காட்டுவா. என் தம்பி கொண்டு வந்ததும்பா. மேல அண்ணாந்து பாத்து, அந்த வட்டம் இந்த பீம்தான்னு விரல் நீட்டிச் சொல்லுவா. அந்த பீம்ல இருந்து துரு வடிஞ்சு சுவரே காவியா இருக்கும்.

நாலு மாசம் மேல்கூரைக்குக் கீழ இருந்தா. நாலு மாசம்னாலும் இருந்தால்லா. அதை ஒருத்தரும் எனக்குக் கணக்குல வைக்க மாட்டாங்க.

ஐப்பசி மாசம். பதினோரு நாளா மழை. செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணி இருக்கும். நான் எதிர்த்தாப்ல டீக்கடையில நிக்கேன். ஜல்லி லாரி கொட்டுற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா மார்க்கெட்டோட கிழக்குப் பக்கம் இல்ல. மழையில தூசி எழும்பிப் பாத்திருக்கீங்களா? எழும்பிச்சு. அதுக்குள்ள இருந்து கோழி பறந்து வருது, மனுசங்க வாறாங்க, எல்லாரும் ஒரே நிறம்.

கையாலதான் தோண்டினேன். நாலு நகம் பேந்து போச்சு, பாருங்க, இது ரெண்டும் திரும்ப முளைக்கவே இல்ல. மூட்டை தூக்குற ராமையாவை முதல்ல எடுத்தோம், தலை இல்ல. அடுத்து மீன் வாங்க வந்த ஒரு பொம்பளை, அவ புள்ளை பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா, வெளிய எடுத்ததும் நிறுத்திட்டா. அக்காவைக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆச்சு. உக்காந்த மாதிரியே இருந்தா. கையில தராசு. பீம் அவளோட தோளுக்கு மேல இருந்து ஆரம்பிச்சது. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. செவ்வந்தியைப் பாக்க விடல. பதினேழு வயசு அப்போ. எங்கம்மா முகத்தைக் காட்டு மாமான்னு என் சட்டையைக் கிழிச்சா. முகம்னு எதைக் காட்டுறது?

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். சுடுகாட்டுலேயே வச்சு நகராட்சி ஓவர்சியரைப் பிடிச்சேன். மாலை போட வந்த ஆள். கட்டடம் ஆடுதுன்னு உனக்குத் தெரியாதாலேன்னு கேட்டு அடிச்சேன். ரெண்டு பல்லு மண்ணுல விழுந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டு அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? தெரிஞ்சுக்கத்தான் பாலிடெக்னிக்குக்கு எழுதினோம், அறிக்கை வரல தங்கையான்னார். வராட்டி நேர்ல போய்க் கேக்கணும்லா, அது உன் வேலை இல்லையான்னு இன்னும் ரெண்டு போட்டேன். நியாயமா இல்லையா சொல்லுங்க. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்கா பாத்திருந்தா என் அக்கா செத்திருப்பாளா? நான் என் வேலையை ஒழுங்காத்தான் பாத்தேன்.

மூணாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில ஒரு தாளு, நனைஞ்சு, காரை ஒட்டி, கருவாட்டு வாடையோட. சிவப்பு வட்டம். இடிபாட்டுல கிடந்திருக்கு. பின்பக்கம் வாத்தியார் கையெழுத்து. இது உன் அக்கா கடைச் சுவத்துக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டார். நானும் பொய் சொல்லல, நான்தான் கொண்டு வந்தேன்னேன். தொண்ணூத்தி நாலு நாள் பாளையங்கோட்டை ஜெயில். மூணு உயிருக்கும் நான்தான் காரணமாம். கேஸ் இன்னும் நடக்கு. செத்ததுல ஒண்ணு என் கூடப்பிறந்தவ. ஒரு மனுசன் தன் அக்காவையே கொன்னான்னு எழுத வக்கீலுக்கு எப்படிக் கை வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல.

வெளிய வந்ததும் முதல் வேலையா பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அடிக்கப் போகல. நான் சண்டைக்குப் போற ஆள் இல்ல, சொன்னேன்லா. கேக்கப் போனேன். அவர் சம்சாரம் கதவைத் திறந்துட்டு என்னைப் பாத்ததும் அப்படியே சுவரோட சாஞ்சுட்டா. அவர் உள்ள மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தார். ரெண்டு கோடு போட்ட நோட்டு. இடது கையால. எழுத்து எல்லாம் ஒண்ணாங் கிளாஸ் புள்ளை எழுதின மாதிரி, கோட்டை விட்டு வெளிய ஓடுது. வலது கை மடியில கிடந்துச்சு, அடுத்தவங்க பொருள் மாதிரி.

சார், நீங்க ஏன் மறுபடி ஒண்ணு எழுதிக் கொடுக்கலன்னு கேட்டேன். நாலு மாசம் இருந்துச்சே.

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கினார்னா, இடது கையால வலது கையை எடுத்து மேஜை மேல வச்சார். “ஆறு வாரம் ஆஸ்பத்திரி. அதுக்குள்ள வீட்டுக்கு ரெண்டு தடவை ஆள் வந்துச்சு. படியில விழுந்தேன்னுதான் நானும் சொன்னேன். எனக்கும் ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு.” அப்புறம் அந்தக் கையைத் திரும்ப மடியில எடுத்து வச்சார். கடைசியா சொன்னார், “நான் உன்கிட்ட சொன்னேனே, தங்கையா. படியில வச்சே சொன்னேனே, கட்டட அறிக்கைன்னு.”

சொன்னார்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அழுத்திச் சொல்லல தம்பி. கட்டடம் விழுந்துரும், உன் அக்கா கடை மேல விழும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கவரைத் தொட்டிருப்பேனா? படிச்சவங்களுக்கு இதுதான் தெரியாது. கவர்ல வச்சு அரக்கு ஒட்டத் தெரியும், வாயால சொல்லத் தெரியாது.

பஸ்ல திரும்பி வரும்போது நல்லா யோசிச்சேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு. யோசிச்சுப் பாத்தா என் பக்கமும் ஒரு தப்பு இருக்கு. மறைக்க மாட்டேன். எந்தக் கைன்னு கேக்காம அடிச்சுட்டேன். கேட்டுட்டு இடது கையில போட்டிருந்தா, அவர் வலது கையால பத்தே நாள்ல வேற அறிக்கை எழுதி அனுப்பியிருப்பார். அக்கா இன்னிக்கு இங்க நின்னு பந்திக்கு இலை எண்ணிக்கிட்டு இருப்பா. எட்டு நிமிஷ அவசரம் தம்பி. அவசரத்துல முறை தவறிட்டேன். அந்த ஒரு தப்பு என்னைத் தூங்க விடல.

இந்தா, கலர் வந்துட்டு. குடிங்க. சூடா இருக்கா உள்ள? ஃபேன் போடச் சொல்லவா? வேண்டாம், ஃபேன் போட்டா மேல இருந்து தூள் கொட்டுது.

ஜெயில்ல இருந்து வந்ததும் அண்ணாச்சிதான் இந்த மண்டபத்தைப் பாத்துக்கச் சொன்னார். இதுவும் ஏலத்துல எடுத்ததுதான். செவ்வந்தி கல்யாணத்தை இங்கதான் வைக்கணும்னு சொல்லிட்டார், மண்டபம் இலவசம். வேற யார் செய்வாங்க?

சரி, அந்தக் கவரைப் பிரிச்சு நீங்களே வாசிங்க. பாருங்க, நான் திருந்திட்டேன். முன்னாடி மாதிரி படிக்காம வாங்கி வைக்கிறது இல்ல. தமிழ்லதானே? வாசிங்க.

ம்.

“பொதுமக்கள் பயன்பாட்டிற்குத் தகுதியற்றது.” ம். “மேடைக்கு மேலுள்ள பீமில்.” ம். “எந்த நேரத்திலும்.” போதும், போதும், மெதுவா. சமையல்காரங்க காதுல விழப்போவுது.

எனக்குத் தெரியும் தம்பி. நான் பாக்காமலா இருப்பேன்? மேடைக்கு மேல அந்த விரிசல்ல என் விரல் போகும். அதுக்குத்தான் நேத்தே ஆள் விட்டு ரோஸ் கலர் ஜரிகைத் துணி இழுத்துக் கட்டச் சொன்னேன், பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு. ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் தூள் விழும். அட்சதைன்னு நினைச்சுக்குவாங்க. ஐம்பது வருஷமா நிக்கிற கட்டடம் இன்னும் ஒரு நாள் நிக்காதா? இது ஐப்பசி இல்ல, தை மாசம். மழை இல்ல. நாளைக்கு அந்த மேடையில பொண்ணுக்குப் பக்கத்துல தாய்மாமன் நான்தான் நிக்கப்போறேன். ஆபத்துன்னா நான் நிப்பேனா?

என்னம்மா செவ்வந்தி? சாருக்கு வணக்கம் சொல்லு. இவர் நகராட்சி இன்ஜினியர். கையை ஆட்டாத, மருதாணி அழிஞ்சிரும்.

“மாமா, மேடையில தூள் விழுந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவை கூட்டிட்டேன். கூட்டக் கூட்ட விழுது. துணியை அவுத்து மேல என்னன்னு பாக்கச் சொல்லவா?”

அதெல்லாம் காத்துல பறந்து வருதும்மா. நீ போ. கூட்டுறதுக்கு ஆள் இருக்கு, கல்யாணப் பொண்ணு விளக்குமாத்தைத் தொடக் கூடாது. சாப்பிட்டியா? போய்ச் சாப்பிடு.

பாத்தீங்களா, அப்படியே அவ அம்மா. எதையாவது அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பா.

எங்க எழுந்திருக்கிறீங்க? உக்காருங்க. கேட்டுல கணேசன் இருக்கான், அவன் என்னை மாதிரி பேச மாட்டான். நான் சொல்றதைக் கேளுங்க. இதை இன்னிக்கு ஒட்டினா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு வாசிப்பாங்க. தாயில்லாப் புள்ளை கல்யாணம் வாசல்ல நின்னுரும். வேற மண்டபம் ஒரு ராத்திரியில எங்க கிடைக்கும்? அக்கா போன அன்னிக்கு அவ கால்மாட்டுல நின்னு சொன்னேன், உன் மகளைக் குறையில்லாமக் கட்டிக் கொடுப்பேன்னு. அதுல ஒரு குறை வர விட மாட்டேன்.

கவரை என்கிட்ட கொடுங்க. இடுப்புல இருக்கும், பத்திரமா. திங்கக்கிழமை காலையில பந்தல் எல்லாம் பிரிச்சதும் நானே ஆபீஸ்ல கொண்டுவந்து உங்க கையில தாறேன், நானே கூட நின்னு ஒட்டியும் தாறேன். யார் பொருளும் நமக்கு வேண்டாம்.

ஏன் நெஞ்சோட சேத்துப் பிடிக்கிறீங்க? அவரும் இப்படித்தான் பிடிச்சார்.

நல்ல வேளையா இன்னிக்கு நமக்கு நிறைய நேரம் இருக்கு. பெட்டி, மூணு மணின்னு ஒண்ணும் கிடையாது. அன்னிக்குப் பண்ணின தப்பை நான் திரும்பப் பண்ண மாட்டேன், உங்களுக்கும் சின்ன வயசு, நிறைய எழுத வேண்டியிருக்கும். அந்தக் கம்பி கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு, எடுத்துட்டு வாறேன். பதறாம, யோசிச்சு, நிதானமா சொல்லுங்க தம்பி.

நீங்க எந்தக் கையால எழுதுவீங்க?